நுரைக்கு நடுவே

எஸ்தோனியாவில் சோவியத் ஆட்சி நடந்த காலம். தார்த்து ஊருக்கு வெளியே, நான் வேலை பார்த்த வானாய்வு நிலையத்தில் ஹெல்வே என் பக்கத்து மேசைக்காரி. பிரபஞ்சத்தில் விண்மீன் மண்டலங்கள் கிட்டத்தட்ட சீராக இறைந்து கிடக்கின்றன என்றே நாங்கள் நம்பியிருந்தோம். அவள் ஒவ்வொன்றின் தூரத்தையும் கணக்கிட்டுப் படத்தில் புள்ளி வைத்தாள். புள்ளிகள் சுவர் சுவராகச் சேர்ந்து நின்றன. நடுவில் ஒன்றுமே இல்லாத பெருவெளிகள்.

"சோப்பு நுரை மாதிரி இருக்கு பாரு," என்றாள் என்னிடம்.

துறைத்தலைவர் வைனோ உதட்டைப் பிதுக்கினார். "அந்தப் பக்கம் யாரும் சரியா பாத்திருக்க மாட்டாங்க."

அவள் குளிர்காலம் முழுக்க மறுபடி தேடினாள். வெளிகள் காலியாகவே இருந்தன. அதன்பிறகு வைனோ அந்தப் படத்தைத் தன் அறைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெளிநாட்டு மாநாட்டுக்குப் போக அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவள் அண்ணன் போரின்போது படகேறி ஸ்வீடனுக்குத் தப்பியவன்; அனுமதி மறுக்க அது போதும். வைனோ போனார்.

"உன் பேரைச் சொல்லாம விடுவேனா?" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வந்ததும் அவளுக்கு ஒரு பொட்டலம் நல்ல காப்பித்தூள் கொடுத்தார்.

அடுத்த கோடையில் ஓர் அமெரிக்க விஞ்ஞானி வந்தார். வைனோவின் அறைச் சுவரில் தொங்கிய படத்தைக் காட்டி, இதில் உங்கள் பங்கு என்ன என்று ஹெல்வேயிடம் கேட்டார். வைனோ மொழிபெயர்த்தார்.

"இதைக் கண்டுபிடிச்சது நான்," என்றாள் எஸ்தோனிய மொழியில்.

"படம் வரைய உதவினதுல அவங்களுக்கு ரொம்ப சந்தோஷமாம்," என்று வைனோ ஆங்கிலத்தில் சொன்னார்.

அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம் புரியும். தடுமாறியபடி ஆங்கிலத்திலேயே சொன்னாள்: "இல்ல. நான் கண்டுபிடிச்சேன்." வந்தவர் சங்கடமாகச் சிரித்துவிட்டு வைனோவைப் பார்த்தார்.

மறுவாரம் நிர்வாக அதிகாரி அவளைக் கூப்பிட்டார். "தோழர் ஹெல்வே, வெளிநாட்டுக்காரங்கிட்ட அனுமதியில்லாம பேசலாமா?" அவளை வானிலைப் பிரிவுக்கு மாற்றினார்கள். மேகங்களின் உயரம் அளக்கும் வேலை. படம் வைனோவின் பெயரில் அச்சேறியது.

அந்தக் குளிர்காலத்தில் ரொட்டிக்கடை வரிசையில் அவள் பின்னால் வைனோ வந்து நின்றார். நானும் இருந்தேன்.

"திரும்ப வரணும்னா சொல்லு ஹெல்வே, நான் பேசிப் பாக்கிறேன். உனக்குப் பிடிச்ச வேலை இல்லையா?"

"பிடிச்சிருந்துச்சு," என்றாள், திரும்பாமல்.

வரிசை நகர்ந்தது. அவள் ஒரு கறுப்பு ரொட்டி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பனியில் இறங்கி நடந்தாள்.