நெடி வராத அடுப்பு

கமலாட்சி வீட்டு அடுப்பில் மிளகாயைப் போட்டால் நெடி வருவதில்லை. என் வயிறு எரிந்ததெல்லாம் அதற்காகத்தான்.

செவ்வாயும் வெள்ளியும் விளக்கு வைத்ததும் அவள் உப்பும் மிளகாயும் கையில் அள்ளிக்கொள்வாள். புருஷன் பொன்னுத்துரையையும் மகளையும் உட்காரவைத்துச் சுற்றி அடுப்பில் போடுவாள். மிளகாய் படபடவென்று வெடிக்கும்; ஒருவருக்கும் இருமல் வராது. நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே வேலியோரம் வந்து நிற்பாள்.

"கொஞ்சங்கூட நெடி வரல அக்கா. யாரு கண்ணு பட்டுச்சோ தெரியல," என்பாள்.

கவலைப்படுகிறவள் முகமா அது? கவர்னர் கையால் பரிசு வாங்கியவள் முகம்.

என் வீட்டில் ஒரே ஒரு மிளகாய் போதும். நானும் என் வீட்டுக்காரர் அப்பாசாமியும் தொண்டை கமறி வாசலுக்கு ஓடிவருவோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார். "நம்ம மேல யாருக்கும் பொறாமை இல்ல. நிம்மதியா இரு, சிவகாமி."

நிம்மதியாம். ரங்கூனில் பசுண்டாங் ஓடைக்கரையில் அரிசி மில் கம்பெனி கட்டிக்கொடுத்த செங்கல் வீடு எங்களுடையது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். சமையலறைக்கு ஒரு புகைக்கூண்டு வேறு. பின்னால் இருப்பவை எல்லாம் ஓலைக்கூரை வீடுகள். என் கழுத்தில் சங்கிலி கிடக்கிறது, பெட்டியில் இடுப்பில் சுற்றிக்கட்டும் மண்டலேப் பட்டு லோன்ஜி இருக்கிறது. இத்தனைக்கும் ஒரு நாய்கூட என்னைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை என்றால் எனக்கு அவமானமாக இராதா?

சங்கிலியும் பட்டும் கிடக்கட்டும். அவளிடம் மகள் செல்லக்கண்ணு இருக்கிறாள், என்னிடம் யாரும் இல்லை. விஷயம் அவ்வளவுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மடியில் ஒரு பிள்ளை உட்காரவில்லை. அந்தக் குழந்தை என்னைப் பெரியம்மா என்று கூப்பிடும், வாசல் வரைக்கும் வரும். கொழுக்கட்டை பிடித்துவைத்து உள்ளே கூப்பிட்டால் மூக்கைப் பொத்திக்கொள்ளும். "பெரியம்மா வீட்ல கண்ணு எரியுது," என்று சொல்லி ஓடிவிடும். அம்மாவின் அடுப்படியில் மட்டும் பொழுதெல்லாம் உட்கார்ந்து பாடும். நான் சுவருக்கு இந்தப் பக்கம் அதைக் கேட்டுக்கொண்டு, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, குழம்பைக் கிளறுவேன்.

அவள் அடுப்படியில் புகை இல்லாதது ஒன்றும் மாயமில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூண்டு தட்டுகிற தஸ்தகீர் வந்து அவள் கூரையேறுவார். கயிற்றில் கல்லும் தென்னந்துடைப்பமும் கட்டிக் கூண்டுக்குள் இறக்கி, ஒட்டியிருக்கும் கரியைத் தட்டிவிட்டுப் போவார். மழைக்காலம் முடிந்ததும் கமலாட்சி அவரை என் வாசலுக்கே கூட்டிவந்தாள்.

"உங்க கூண்டையும் தட்டச் சொல்லுங்க அக்கா. நாம எரிக்கிறது ஈர விறகு, கரி அப்பிக்கிட்டே போகும். ஒருநாள் உள்ளுக்குள்ளயே பத்திக்கும். பாப்பா படுக்கிறதும் உங்க கூண்டுச் சுவத்தோரம்தான்."

நல்லதைத்தான் சொன்னாள். அதை அவள் ஏன் சொல்ல வேண்டும்? மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் அடுப்படியை எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டு ஏன் சொல்ல வேண்டும்?

"உன் வீட்டுக் கரியைத் தட்டின துடைப்பம் என் வீட்டுக்கு வேணாம்," என்று கதவைச் சாத்தினேன்.

தைமாதம் பொன்னுத்துரை வீட்டில் விருந்து சாப்பிட்டு வந்த என் வீட்டுக்காரர், ஏப்பம் விட்டுக்கொண்டே ஒரு பேச்சுப் பேசினார். "கமலாட்சி ரசத்துல புகை வாடையே இல்ல பாரேன்." அத்தோடு என் பொறுமை போயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை, பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். ஒரு கை மிளகாய், கல்லுப்பு, கடுகு, தெருமுனை மண், பழைய துடைப்பக் குச்சி, தேங்காய் நார், பெரிய கற்பூரக் கட்டி. மில் சங்கு ஊதி அவர் வந்ததும் வராததுமாக உட்காரவைத்துச் சுற்றினேன். கமலாட்சி விளக்கேற்றுவதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும். அடுப்பு கொள்ளாமல் விறகை அடுக்கி எரியவிட்டு, அத்தனையையும் கொட்டினேன். தீ குப்பென்று கூண்டுக்குள் ஏறியது.

முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு காத்திருந்தேன். இருமல் வரவில்லை. மெல்ல முந்தானையை எடுத்து, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். நெடி இல்லை, புகைகூட இல்லை. எல்லாம் ஒரே இழுப்பில் மேலே போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"பாத்தீங்களா, நெடியே இல்ல. எத்தன கண்ணு பட்டிருக்கு பாத்தீங்களா," என்றேன்.

அவர் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ரயில் வருகிறாற்போல ஓர் இரைச்சல் கேட்டது.

"கண்ணு இல்லடி. கூண்டு பத்திக்கிச்சு."

பின்வீட்டு மா சேன் "மீ, மீ" என்று அலறினாள். நெருப்பு என்று பர்மாக்காரர் சொல்லும் அந்தச் சொல் புரியாத காது ரங்கூனில் கிடையாது. கூண்டின் மேல்வாயிலிருந்து பொறி கொட்டுகிறது என்று யாரோ கத்தினார்கள். நான் சுவரில் கை வைத்தேன். சுட்டது.

அன்று செல்லக்கண்ணுவுக்கு லேசான காய்ச்சல். அந்தச் சுவரோரம்தான் படுத்திருப்பாள். அதற்குமேல் நான் எதையும் யோசிக்கவில்லை. வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினேன். பாயோடு சேர்த்துக் குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கிணற்றடியிலிருந்து ஓடிவந்த கமலாட்சி, மகளை என் தோளில் பார்த்தாள். நனைத்த நெல் சாக்குகளை மார்போடு அணைத்துக்கொண்டு என் அடுப்படிக்குள் நுழைந்தாள்.

அவளும் என் வீட்டுக்காரரும் கூண்டின் அடிவாயைச் சாக்கால் அடைத்தார்கள். பொன்னுத்துரை கூரையேறி மேல்வாயை மூடினார். மா சேனும் மற்றவர்களும் ஓலைக்கூரைகள்மேல் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். காற்றுக் கிடைக்காமல் தீ மெல்ல அடங்கியது. சுவரில் ஒரு விரிசலோடு போயிற்று.

கமலாட்சி கைகழுவிவிட்டு வந்து என் தோளிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள். அதன்பிறகு செல்லக்கண்ணு என் வாசல் பக்கமே வரவில்லை. பாட்டுச் சத்தமும் சுவரோரம் கேட்கவில்லை. கமலாட்சி படுக்கையை அந்தப்பக்கம் மாற்றிவிட்டாள் போலிருக்கிறது.

யாரிடமும் வணங்காத நான் டிராமேறிப் போனேன். பட்டணத்து நடுவில் கியாக்டடாப் பேட்டையில் ஒரு துரை வீட்டுக் கூண்டைத் தட்டிக்கொண்டிருந்த தஸ்தகீரைப் பிடித்து, கையோடு கூட்டிவந்தேன். எரிந்தது போக மிச்சமிருந்த கரியே கூடைகூடையாக விழுந்தது.

"ரெண்டு மாசம் கழிச்சு நானே வர்றேம்மா. கதவத் தொறப்பீங்கல்ல?" என்றார்.

"தொறப்பேன்," என்றேன்.

அடுத்த வெள்ளியன்று அடுப்பு மூட்டிக் கொழுக்கட்டை வேகவைத்தேன். புகை தன் வழியே மேலே போயிற்று. வேலியில் நான் பிய்த்த இடத்தை இன்னும் யாரும் அடைக்கவில்லை. அதன் வழியாகச் செல்லக்கண்ணு வந்து அடுப்படி வாசலில் நின்றாள். மோந்து பார்த்தாள்.

"கண்ணு எரியல பெரியம்மா."

உள்ளே வந்து என் மடியில் உட்கார்ந்தாள். ஒரு கொழுக்கட்டையைத் தின்றுகொண்டே, வாயில் இருந்ததை விழுங்காமல் பாடினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதற்குப் புகை காரணமில்லை.

கமலாட்சி தேடிக்கொண்டு வந்தாள். "பாப்பா, வீட்டுக்கு வா."

"வரமாட்டேன். உன் கொழுக்கட்ட நல்லால்ல. பெரியம்மாதுதான் நல்லாருக்கு."

கமலாட்சி சிரித்தாள். உதடு மட்டும்தான் சிரித்தது. நான் அவள் கண்ணைப் பார்த்தேன். இத்தனை வருஷம் நான் வைத்துக்கொண்டு திரிந்த பார்வை அது. எனக்கா அடையாளம் தெரியாது?

விளக்கு வைத்ததும் என் வீட்டுக்காரர் மிளகாய் டப்பாவைக் காட்டினார். "வெள்ளிக்கிழமையாச்சே. சுத்திப் போடலையா? யாரு கண்ணாவது பட்டிருக்கப் போகுது."

"பட்டிருக்கு."

"அப்ப எடேன் மிளகாய."

டப்பாவை மூடி மேல்தட்டில் ஏற்றிவைத்தேன்.

"வேணாம்," என்றேன். "கொஞ்ச நாளைக்கு இருந்துட்டுப் போகட்டும்."