டேக் அறுக்காத ஷூ

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஷாலு நின்றுகொண்டே இருப்பாள். ராயபுரத்தில் அந்த வெளிநாட்டு ஷூ கம்பெனியின் கடையில் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. காலில் கம்பெனி ஷூ இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு, ரப்பர் செருப்போடு வியாசர்பாடிக்குப் பஸ் ஏற வேண்டும். மற்ற நாட்களில் அவள் பல்கலைக்கழகத்தில் எம்.காம். மாணவி. வேலையைப் பற்றி அங்கே யாரிடமும் சொன்னதில்லை. வகுப்பில் பேச்செல்லாம் யார் என்ன பிராண்டு போட்டிருக்கிறார்கள் என்பதுதான். அதைக் கேட்டுக் கேட்டு, வார நாட்களிலும் கடையிலேயே நிற்பது போலிருக்கும் அவளுக்கு.

அந்தப் பேச்சின் நடுவில் எப்போதும் ஷெர்லின் இருப்பாள். திருவொற்றியூரில் அவள் அப்பாவுக்குப் பிளாஸ்டிக் சாமான் கடை. வாரத்துக்கொரு ஷூவோடு அவள் வருவாள். பையன்கள் குனிந்து பெயரைப் படிப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஷெர்லின் ஷூ டப்பாவோடு கடைக்கு வந்தாள். கவுண்ட்டரில் ஷாலுவைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நீ இங்கயா வேலை செய்யுற?"

"ஆமா. இன்னா, மாத்தணுமா?"

"சைஸ் சரியில்ல. திருப்பிக் குடுக்கணும்."

போடாத ஷூவாக இருந்து, விலை டேக்கும் அறுபடாமல் இருந்தால் கடை திரும்ப எடுத்துக்கொள்ளும். டேக் அப்படியே தொங்கியது. ஆனால் அடியில் சோலின் பள்ளங்களில் சாம்பல் நிற மண் அப்பியிருந்தது. அந்த வாரம் முழுக்க ஷாலு வகுப்பில் பார்த்த ஷூ அது. ஷெர்லின் டேக்கை உள்ளே மடித்துச் செருகிக்கொண்டு நடந்திருக்கிறாள். இத்தனை நாள் வேறு வேறு கடைகளில் இப்படித் திருப்பிக் கொடுத்திருப்பாள். வாரத்துக்கொரு ஷூ எங்கிருந்து வருகிறது என்பது ஷாலுவுக்கு அப்போதுதான் புரிந்தது.

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். ஷாலு ஈரத் துணியால் சோலைத் துடைத்து, ஷூவை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

சாயந்திரம் மேனேஜர் அமீருதீன் அந்த டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது? வேர்வ வாடை அடிக்குது. புச்சுன்னு எவன் வாங்குவான்?"

திட்டவில்லை. மறுநாள் அவளை ஸ்டாக் ரூமுக்கு அனுப்பிவிட்டார். காற்றில்லாத அறையில் நாளெல்லாம் ஏணியேறி டப்பா அடுக்கியதில், வீடு திரும்பும்போது பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக்கூடக் கை வரவில்லை.

அடுத்த வாரம் அவளை மறுபடி கவுண்ட்டரில் நிறுத்தினார்கள். ஷெர்லின் வேறொரு டப்பாவோடு வந்து நின்றாள்.

"ஷாலு, இந்த ஒரு வாட்டி மட்டும்."

"போன வாட்டி நீ பாட்டுக்குப் போயிட்ட. மாட்னது நானு."

ஷெர்லின் ஷூ போட்டுப் பார்க்கும் ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. ஷாலு கவுண்ட்டரை விட்டு அவளருகே போனாள்.

"முதல்ல எல்லாம் அப்பா நெஜமாவே வாங்கிக் குடுத்தாரு. இப்ப கடையில வியாபாரமே இல்ல. திடீர்னு நிறுத்துனா எல்லாரும் கேப்பாங்கல்ல?"

"கேக்கட்டுமே."

"உனக்கு ஆசையே இல்லையா?"

"ஏன் இல்ல? இதையே மாட்டிகினு தான நிக்கிறேன். போட்டா கால் வலிக்காதுன்னு வெளம்பரத்துல சொல்றான். எனுக்கு வலிக்குதே."

ஷாலு கவுண்ட்டரிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்து ஷெர்லின் கையில் கொடுத்தாள்.

"நீயே அறு. அப்பாகிட்ட நெசத்த சொல்லு. இனிமே என்னால தொடச்சிகினு இருக்க முடியாது."

ஷெர்லின் டப்பாவைத் திறந்து ஷூவை மடியில் வைத்தாள். பிறகு டேக்கை அறுத்தாள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அந்த செமஸ்டர் முடியும்வரை அவள் அதே ஷூவோடுதான் வந்தாள். சில நாள் வகுப்பில், "இன்னைக்கும் இதேவா?" என்றார்கள். அப்புறம் பெனிட்டோ என்ற பையன் புது பிராண்டு வாட்ச் ஒன்றைக் கட்டிக்கொண்டு வர, எல்லாக் கண்ணும் அவன் மணிக்கட்டுக்குப் போனது. ஷாலுவைப் பார்த்தால் ஷெர்லின் லேசாகத் தலையசைப்பாள். அதற்குமேல் பேச்சு வளரவில்லை. வளர்க்க ஷாலுவுக்கும் தெம்பில்லை.

பரீட்சைக்கு முந்தைய ஞாயிறு சாயந்திரம் பஸ்ஸில் ஷாலுவுக்கு உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள். கண்டக்டர் தட்டி எழுப்பினார்.

"ஏம்மா, மாதவரம் வந்துட்ச்சு. எங்க போணும்?"

"வியாசர்பாடி."

"அது எப்பவோ போய்ட்ச்சே!"

இறங்கினாள். லாரிகள் வரிசையாகப் புழுதி கிளப்பிப் போயின. எதிர்ப்பக்கம் திரும்பும் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஓடினால் பிடித்துவிடலாம். இரண்டு நாளாய் நின்ற காலோடு இனி ஓட வேண்டாம், அது போகட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.