நகக்கண்ணில் பசை

போல்ட் முறிந்தபோது பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. காய்ந்த பாக்கைப் பாக்குவெட்டியில் வைத்து அமுக்கினாற்போல ஒரு 'டொக்'. காலையிலிருந்து கேட்ட சத்தங்களோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை. முஹ்ஸின் ஸ்பேனரைச் சுத்தியலால் அடித்தான்; மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு மறுபடி அடித்தான்; தண்ணீர்க் குழாய்த் துண்டொன்றை ஸ்பேனரின் பிடியில் செருகி, அதன்மேல் ஏறி நின்று மிதித்தான். துருவேறி இறுகிப்போயிருந்த போல்ட் கடைசியில் இளகுவது போலத் தெரிந்தது. "ஆ, வருது, வருது" என்றான். வந்தது தலை மட்டும்தான். உடல் உள்ளேயே நின்றுவிட்டது.

கழற்றிய சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்து கைரியா டோர்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்தே அது அவளுடைய வேலை. தண்ணீர் மோட்டர் நின்றாலும், கூரை ஒழுகினாலும், கார் கிளம்ப மறுத்தாலும் முஹ்ஸின் வெளியாள் யாரையும் கூப்பிடமாட்டான். அவன் செய்வான், அவள் வெளிச்சம் பிடிப்பாள். பிரேக் எண்ணெயும் மண்ணெண்ணெயும் துருவும் கலந்த வாடை தொண்டைவரை இறங்கியிருந்தது. அவன் கழுத்திலிருந்து வடிந்த கறுப்பு வியர்வை ஒரு சொட்டு அவளுடைய புறங்கையில் விழுந்தபோது சட்டென்று துடைத்துக்கொண்டாள்.

கார் விலைபட்டிருந்தது. நாவலப்பிட்டியில் படிப்பிக்கும் இருளப்பன் என்ற ஆசிரியர் போன ஞாயிற்றுக்கிழமை அலவத்துகொடைக்கு வந்து ஓட்டிப் பார்த்தார். இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன் சக்கரத்தில் இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்டது. பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, புதுசு போட்டுத் தருகிறேன் என்று முஹ்ஸின் வாக்குக் கொடுத்தான். இன்று மத்தியானத்துக்கு மேல் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வண்டியை எடுக்க வருகிறார். பேட்களைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கவ்விக்கு மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். கீழ்ப் போல்ட்டைக் கழற்றினால் கவ்வியைத் தூக்கிப் பேட்டை மாற்றிவிடலாம். அவ்வளவுதான் வேலை.

"மக்கீன் நானாக்கு போன்ல ஒரு கோல் எடுங்களே" என்றாள் கைரியா. மக்கீன் சந்தியில் கராஜ் வைத்திருப்பவர். "அவருக்கிட்ட ட்ரில் ஈக்கிதானே. துளைச்சி எடுத்துடுவாரு."

"அவன் வந்தா நாளைக்கு ஊரு முழுக்க கத. முஹ்ஸின்ட காரு ஒடஞ்ச காருண்டு." அவன் எழுந்து முறிந்த தலையைச் சாரத்தில் துடைத்துப் பார்த்தான். "நீ சும்மா லைட்டப் புடி."

தலை போனதும் கவ்வியைத் தடுக்க எதுவும் இருக்கவில்லை; அதைத் தூக்கிப் புது பேட்களைப் போட்டான். கவ்வியை இறக்கினான். பிறகு வீட்டுக்குள் போய், இரண்டு டியூப்களிலிருந்து பிதுக்கிக் கலந்து ஒட்டும் பசையை எடுத்துவந்தான். உடைந்த கோப்பைக் காதை ஒட்டுவதற்காக அவள்தான் அதை வாங்கி வைத்திருந்தாள். ஒரு மட்டைத் துண்டில் பசையைக் குழைத்து, போல்ட்டின் தலையை அது இருந்த இடத்திலேயே பக்குவமாக வைத்து அமுக்கினான். கைரியாவுக்கு முதலில் விளங்கவில்லை. தற்காலிகமாக எதையோ பிடித்துவைக்கிறான் என்றுதான் நினைத்தாள். பசை காயும்வரை ஊதிக்கொண்டிருந்துவிட்டு, கிரீஸையும் மண்ணையும் விரலால் குழைத்து அதன்மேல் பூசியபோதுதான் விளங்கியது.

"இப்பிடியே குடுக்கப் போறீங்களா?"

"மேல் போல்ட் ஈக்கிதானே. ஒண்டு போதும்."

"போதும்டா ஏன் ரெண்டு வச்சிருக்கான்?"

அவன் சிரித்தான். "நல்லாக் கேக்கிறாய். லைட்ட கொஞ்சம் கீழ."

அவள் கீழே காட்டினாள். அவன் சொன்னதும் கை தானாகவே தாழ்ந்தது. வெளிச்சம் சரியாக அந்த இடத்தில் போய் விழுந்தது.

சக்கரத்தைப் பூட்டிவிட்டு முஹ்ஸின் கிணற்றடிக்குப் போனான். மத்தியான லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்க உட்கார்ந்தவன், "கைரியா, பழைய பிளேடு ஒண்டு தா" என்று கூப்பிட்டான். கொடுத்தாள். பெருவிரல் நகக்கண்ணில் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. வெயில் பக்கம் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொட்டு விடாமல் சுரண்டினான். "இது ஒட்டியிருந்தா தண்ணி உள்ளுக்குப் போகாது. வுழூ சேராது" என்று அவளுக்கே பாடம் சொல்வது போலச் சொன்னான். நகம் வெளுத்து, ஓரத்தில் இரத்தம் கசியும்வரை சுரண்டினான். பிறகு வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்தான். கைரியா கிணற்றுக்கட்டின் மேல் கிடந்த பசைத் துகள்களைப் பார்த்தபடி நின்றாள். கோழியின் உள்ளுறுப்பைக் கழுவும்போது பித்தப்பை உடைந்து நாறுமே, அப்படி ஏதோ உள்ளே உடைந்துவிட்டது போலிருந்தது. திரும்பி வந்து அவன் பருப்பையும் சோற்றையும் பிசைந்து சாப்பிட்டான். அந்த விரல்களைப் பார்க்க முடியாமல் அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

இருளப்பனும் மனைவி பாலம்மாவும் கண்டி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பாலம்மாவின் பையில் மல்லிகைச் சரமும் எலுமிச்சம்பழங்களும் கற்பூரப் பெட்டியும் இருந்தன. வந்ததும் வராததுமாகச் சரத்தைக் காரின் முன்பக்கம் சுற்றிக் கட்டினாள். கைரியா கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"இனிமே பஸ்ல தொங்கிக்கிட்டுப் போக வேணாம்ங்க. சின்னவன் காலையில இருந்து வாசல்லயேதான் உக்காந்திருக்கான். கார்ல வந்து எறங்குனாத்தான் சோறு திம்பேன்னுட்டான்."

கைரியா தலையாட்டினாள். சிரிக்க முயன்றாள், முகம் கோணிக்கொண்டது.

"பிரேக் இப்ப எப்படிங்க இருக்கு?" என்று முஹ்ஸினிடம் கேட்டார் இருளப்பன்.

"புதுசு மாதிரி, சேர். ஏன்ட கையால செஞ்சது. கட்டுகஸ்தோட்டை எறக்கத்துல ஒரு வெரல வச்சாப் போதும், நிக்கும்."

பாலம்மா குனிந்து முன் சக்கரங்கள் இரண்டின் கீழும் எலுமிச்சம்பழங்களை வைத்தாள். இருளப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டு, காருக்குள் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார்.

"சேர், எறங்குங்க" என்றாள் கைரியா.

அவளுக்கே அந்தக் குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "அந்த டயருக்குள்ள போல்ட் ஒண்டு முறிஞ்சீக்கி. தலைய பசையால ஒட்டியீக்கி."

முஹ்ஸின் ஒரு கணம்தான் திகைத்தான். பிறகு இருளப்பனைப் பார்த்துச் சிரித்தான். "பொம்பளயளுக்கு எனத்த விளங்கும் சேர்? அது வேற போல்ட். பழசு. கழட்டிப் போட்டது."

இருளப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு முஹ்ஸினை நம்பத்தான் ஆசை என்பது முகத்தில் தெரிந்தது. கை இன்னும் சாவியிலேயே இருந்தது. பாலம்மாதான், "கழட்டிப் பாத்துருவோமேங்க" என்றாள். இருளப்பன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"பூட்டினத சும்மா சும்மா கழட்டப்படாது" என்றான் முஹ்ஸின்.

கைரியா ஜெக்கையும் ஸ்பேனரையும் எடுத்துவந்தாள். ஆண்கள் இருவரும் அசையவில்லை. அவள் அபாயாவைச் சுருட்டி முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். இத்தனை வருடம் வெளிச்சம் பிடித்ததில் எல்லாம் பார்த்துத்தான் இருந்தாள். நட்டுகளை இளக்கினாள், காரை உயர்த்தினாள், எலுமிச்சம்பழத்தை ஓரமாக எடுத்து வைத்தாள், சக்கரத்தை இழுத்து நிலத்தில் சாய்த்தாள். கீழ்ப் போல்ட்டின் தலையைப் பிடித்துத் திருக வேண்டியிருக்கவில்லை. ஏற்கனவே திறந்த சோடாப் போத்தல் மூடியைப் போல இரண்டு விரலோடு வந்துவிட்டது. கிரீஸும் மண்ணும் அப்பிய அதை இருளப்பனின் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் அதை விரலால் புரட்டிப் பார்த்தார். "எங்களுக்கும் புள்ளைங்க இருக்குங்க" என்றார். குரல் உயரவில்லை.

"மேல் போல்ட் நல்லாத்தான் ஈக்கி சேர். வேணுமெண்டா விலையில கொஞ்சம்..." என்று தொடங்கினான் முஹ்ஸின். இருளப்பன் போல்ட்டின் தலையைக் காரின் மேல் வைத்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தார். ஒரு தரம் துடைத்தவர், போதாதென்று மறுபடியும் துடைத்தார்.

பாலம்மா மல்லிகைச் சரத்தை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டாள். படலை வரைக்கும் கைரியாவும் கூடவே போனாள்.

"ஒங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டாள் பாலம்மா.

"நான்தான் டோர்ச் புடிச்ச."

பாலம்மா அவளுடைய கையைப் பிடிக்க நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினாள். அது கிரீஸுக்காகவா, வேறெதற்காகவா என்று கைரியாவுக்குத் தெரியவில்லை. "இனி நீங்க எப்படி இந்த வீட்டுல..." என்று தொடங்கியவள் முடிக்காமல் கணவனின் பின்னால் வேகமாக நடந்தாள். மாத்தளையிலிருந்து வரும் பஸ்ஸின் ஹோர்ன் எங்கோ கேட்டது.

கைரியா திரும்பி வந்தாள். அவன் கத்துவான், அடித்தாலும் அடிப்பான் என்று நினைத்து உடம்பை இறுக்கிக்கொண்டுதான் வந்தாள். முஹ்ஸின் படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் பசை டியூப்களை வைத்துக்கொண்டு, போனில் பேசிக்கொண்டிருந்தான். தேன் வடியும் குரல். மாமி இறந்த அன்று மய்யித்து வீட்டில் எல்லாருக்கும் ஆறுதல் சொன்ன அதே குரல்.

"ஓ, ஓ, ஈக்கி ஈக்கி. இன்னும் குடுக்கல்ல. ஒருத்தர் கேட்டாரு, எனக்குப் புடிக்கல்ல. நாளைக்கு வாங்களே. பிரேக் எல்லாம் புதுசு, ஏன்ட கையால போட்டது." போனைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தான். கண்ணில் கோபம்கூட இல்லை. "தேத்தண்ணி ஒண்டு ஊத்து. டயர பொறகு பூட்டுவோம்."

வாய்க்குள் ஊறியதைக் கைரியா வேலியோரம் துப்பினாள். பிறகு கீழே கிடந்த சக்கரத்தின் அடியில் விரல்களைக் கொடுத்து நிமிர்த்தினாள். நினைத்ததை விடக் கனம். படலையைக் காலால் தள்ளித் திறந்து, சக்கரத்தை ஒழுங்கைக்கு உருட்டினாள். "எங்க கொண்டு போறாய்?" என்று பின்னால் முஹ்ஸினின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. எங்கே என்று அவள் யோசித்திருக்கவில்லை. பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்கள் சுவரோரமாக ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஒழுங்கை பெரிய ரோட்டுவரை ஒரே இறக்கம். முதலில் அவள் தள்ளித்தான் சக்கரம் போனது. மக்கீனின் வீட்டு மதிலைத் தாண்டியதும் அது தானாகவே ஓடத் தொடங்கியது. அவள் அபாயாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையின் விரல் நுனி மட்டும் ரப்பரில் பட, அதோடு சேர்ந்து ஓடினாள்.