ஆடிக்கொண்டிருந்த கால்

பாடை கட்டும் ஏகாம்பரத்தின் கத்தி இறங்கிய வேகத்தில் பச்சை மூங்கில் சடாரென்று பிளந்தது. வாசலில் தப்பட்டை அதிர்ந்தது. தெருமுனையில் யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட, ஷாமியானாவுக்குள் புகை புகுந்து எல்லோரையும் இருமவைத்தது.

ராஜகுமாரி இருமவில்லை. ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடிக்குக் கீழே கிடந்த புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இளங்கோவின் தலையைச் சுற்றி வெள்ளைத் துணி. வலது காதுக்கு மேலே அந்தத் துணி உள்ளே குழிந்திருந்தது. மாடிப்படியில் சறுக்கி விழுந்தவன் என்கிறார்கள். கை, முழங்கை, முட்டி எங்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

நேற்று சாயங்காலம் அவள் அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து நூம்பலுக்குத் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. மாடியில் குடியிருக்கும் இளங்கோவின் அண்ணன் கங்காதரன், தெரிந்த டாக்டரைக் கூட்டிவந்து சர்டிபிகேட் வாங்கி, பெட்டிக்கும் சொல்லியிருந்தான். போலீஸ் கீலீஸ் என்று போனால் தம்பி உடம்பைக் கூறுபோட்டுத்தான் தருவார்கள் என்றான். அழுதுகொண்டிருந்தவள் தலையாட்டிவிட்டாள்.

விடிந்த பிறகுதான் அந்த ஒன்று இடித்தது. போன்.

எல்லோர் முன்னாலும் கேட்டாள். "அவரு போனுக்கு அடிச்சா ரிங் போய்கினே கீது. யாரும் எடுக்கல. ஊட்டுப் படில வுந்தவரு போனு ஊட்லதானே இருக்கணும்?"

"எங்கனா வுந்து கெடக்கும்மா," என்றான் கங்காதரன். "இப்ப அதா முக்கியம்? நான் வேலப்பன்சாவடி போய் மாலை வாங்கியாறேன்."

போனவன் இன்னும் வரவில்லை. அவன் மனைவி தாட்சாயிணி மட்டும் பெட்டிக்குக் கீழே சொட்டும் தண்ணீரைத் துணியால் ஒற்றி ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தாள். 

இளங்கோ பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுத்தான். தெருவில் அவனுக்குப் பூச்சி வாத்தியார் என்று பெயர். நெட்டைக்கால் பூச்சி என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

"சிலந்தி இல்ல குமாரி, அதுக்கு ஒறவுக்காரன். வலை பின்னத் தெரியாது, வெசம் கெடையாது. பாவப்பட்ட ஜென்மம்."

அந்தப் பாவப்பட்ட ஜென்மத்தில்தான் எத்தனை தினுசு! திருவேற்காடு ஃப்ளாட்டுகளின் தண்ணீர்த் தொட்டி அடியில் கூட்டமாய்த் தொங்கி, ஊதினால் மொத்தமும் குலுங்குவது ஒன்று. மழைக்காலத்தில் ஏரிக்கரைக் கல்லைப் புரட்டினால் எள்ளளவில் சிவப்பாய் ஓடுவது ஒன்று. மக்கிய தென்னைமரத்துக்குள் ஓடு போட்ட முதுகும் முள்ளுக் கையுமாய்ப் பதுங்குவது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் ஈரமும் இருட்டும் வேண்டும். வெயில் பட்டால் கருகிவிடும்.

கருப்பு உடம்பு, ஒவ்வொரு முட்டியிலும் வெள்ளை வளையம். இந்தத் தினுசை மட்டும் அவன் ஒரே இடத்தில்தான் பார்த்திருந்தான். அவர்கள் குடும்பத் தோட்டத்துக் கிணற்றின் உள்சுவரில்.

அதுதான் வினையாகியிருந்தது. தோட்டத்தைக் கேட்டு பில்டர் வந்திருந்தான். கிணற்றை மூடினால்தான் ஃப்ளாட் கட்ட முடியும். இளங்கோ கையெழுத்துப் போட மறுத்தான். போன வாரம் இதே வாசலில் கங்காதரன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் அறைந்தான். "ஒரு பூச்சிக்கோசரம் எங்க வயித்துல மண்ணப் போடறியேடா?"

"கெணத்த மட்டும் வுட்டுட்டு மீதிய குடுத்துடுண்ணா," என்றான் இளங்கோ, மூக்கில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு.

தப்பட்டை திடீரென்று ஏறியது. கங்காதரன் வந்துவிட்டான். தோளில் பெரிய ரோஜா மாலை. கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, குனிந்து பெட்டியின் மேல் மாலையை வைத்தான்.

அவன் தோளிலிருந்து ஏதோ ஒன்று கண்ணாடிமேல் உதிர்ந்தது. இளங்கோவின் கண்ணுக்கு நேர் மேலே.

தலைமுடி என்றுதான் ராஜகுமாரி நினைத்தாள். தலைமுடி மடங்கியது. நீண்டது. மறுபடியும் மடங்கியது. நடுவில் வெள்ளை வளையம்.

 காலைப் பிடித்தால் காலை விட்டுவிட்டு ஓடிவிடும் என்று இளங்கோ காட்டியிருக்கிறான். விட்டுப்போன கால் கொஞ்ச நேரம் தனியாக ஆடும். பிடித்தவன் அதை வேடிக்கை பார்ப்பதற்குள் பூச்சி தப்பிவிடும்.

கொஞ்ச நேரம்தான் ஆடும்.

"மாமா, எங்கருந்து வர்றீங்க?"

"சொன்னேனே, வேலப்பன்சாவடி. ஒரே ட்ராஃபிக்கு."

"அங்கருந்து நேராவா?"

"பின்ன, வழில டீ குடிச்சினா வருவேன்? நேரமாவுது, தூக்குங்கபா."

ராஜகுமாரி மடியிலிருந்து தன் போனை எடுத்து இளங்கோவின் எண்ணை அழுத்தினாள். ஸ்விட்ச் ஆஃப். காலையெல்லாம் அடித்த போன்.

எழுந்தாள். நேராக வாசலுக்குப் போனாள். ஏகாம்பரம் பாடையின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்து ஓங்கினாள். முதல் வெட்டில் கயிறு அறுந்தது. இரண்டாவதில் குறுக்கு மூங்கில் தெறித்தது. தப்பட்டை நின்றது.

"இன்னாமா பண்றே?" ஏகாம்பரம் பின்வாங்கினார்.

"பொணம் இப்ப போவாது. போலீஸ் வரட்டும். இவரு நேத்து படில வுழல. கெணத்துல அடிச்சிப் போட்டுக்கீறாங்க."

"புருசன் போனதுல புத்தி கலங்கிடுச்சி," என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான் கங்காதரன். சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டே எட்டில் வந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். அறை விழுந்தது. உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. தரதரவென்று உள்ளே இழுத்துப்போய் அவள் தலையைப் பெட்டியின் விளிம்பில் மோதினான். கண்ணுக்குள் வெளிச்சம் வெடித்தது.

கத்தி இன்னும் கையில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வீசினாள்.

சட்டை கிழிந்தது. வயிற்றின் குறுக்கே சிவப்பாய் ஒரு கோடு. வேட்டி மடிப்பு அவிழ்ந்து, அதிலிருந்து ஒரு போன் தரையில் மோதியது. பின்பக்கம் பாசி அப்பியிருந்தது. அதன் முனையில் பச்சை நைலான் கயிறு.



ஏகாம்பரம் குனிந்து கயிற்றைத் தொட்டார். "இது நான் கட்டிக்குடுத்ததாச்சே. கெணத்துல எறங்கும்போது போன் வுந்துடும், கழுத்துல மாட்டிக்கினு போறேன் நைனான்னு வந்து கேட்டான்." நிமிர்ந்தார். "உன் மடில எப்டி வந்துச்சி கங்காதரா?"

 கங்காதரன் ராஜகுமாரியின் கழுத்தில் பாய்ந்தான். இரண்டு கட்டைவிரலும் தொண்டைக்குழியில் இறங்கின. கத்தி நழுவியது. ஷாமியானாவின் நிறங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. தூரத்தில், மிகத் தூரத்தில், பெண்களின் அலறல்.

பிளந்த மூங்கில் ஒன்று காற்றைக் கிழித்து வந்து அவன் முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கங்காதரன் சரிந்தான். தப்பட்டைக்காரர்கள் மூன்று பேர் அவன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். "பூச்சிக்குப் பொறந்தவன்… கெணத்த வுட மாட்டேன்னான்…" தரையில் முகம் தேய, அவன் அதையே முனகிக்கொண்டிருந்தான். ஏகாம்பரம் மூங்கிலைக் கீழே போடாமலே போலீசுக்கு போன் செய்தார்.

ராஜகுமாரி தவழ்ந்து போய்ப் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்தாள். மூச்சு உள்ளே போகும்போது தொண்டையை அறுத்தது.

கண்ணாடிமேல் கிடந்த கால் அடங்கியிருந்தது.

கங்காதரனின் கிழிந்த காலரிலிருந்து கருப்பாய் ஒன்று இறங்கியது. எட்டில் ஒன்று போக ஏழு கால். ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, ரத்தத்தைச் சுற்றிக்கொண்டு, சிதறிய ரோஜா இதழ்களைத் தாண்டி நடந்தது. வெயில் விழுந்த இடத்தில் ஒரு கணம் தடுமாறியது. பிறகு பெட்டிக்குக் கீழே, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த இருட்டுக்குள் போனது.

தாட்சாயிணி முகத்தை நிமிர்த்தவே இல்லை. பிழிந்த துணியை விரித்து, ஈரத்தைத் துடைக்கப் பெட்டிக்கடியில் கையை நீட்டினாள்.

ராஜகுமாரி அந்தக் கையைப் பிடித்தாள்.

"துடைக்காதக்கா," என்றாள். "ஈரமா கெடக்கட்டும்."