பத்து விநாடி முன்னே

...ஆனால் நான் "ம்" என்றுதான் சொன்னேன், "சரி" என்று சொல்லவில்லை, சொன்னேனா, சொல்லியிருந்தால் எதற்குச் சரி, அதுதானே தெரியவில்லை. காலையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் மனைவி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே நீளமாக ஏதோ சொன்னாள், லேப் என்ற சொல் காதில் விழுந்தது, அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேப்பில் தினமும் ஒரு தகராறு, அதில் இன்னொன்று என்று நினைத்துக்கொண்டேன். அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தியமாக, செல்போனைக்கூடக் கவிழ்த்து வைத்திருந்தேன், ஆனால் மனதுக்குள் ராத்திரி செல்போனில் பார்த்துப் பாதியில் விட்ட தொடரின் டாக்டரம்மா பெட்டியோடு ரயிலடியில் நின்றாள், ஏறுவாளா மாட்டாளா... அப்போதுதான் என் வலது கட்டைவிரல் மேசையைத் தட்டியது. இரண்டு தட்டு. செல்போனில் சவசவவென்று போகும் காட்சியைப் பத்து விநாடி முன்னே தள்ள எப்படித் தட்டுவேனோ அதே மாதிரி. அவள் பேச்சை நிறுத்தி விரலைப் பார்த்தாள், "என்னையும் தள்ளிட்டீங்களா?" என்றாள். கத்தியிருந்தால் தேவலை. "சாயந்திரத்துக்குள்ள நான் பதில் சொல்லணும். நீங்கதான் சரின்னுட்டீங்களே" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆக, சரி என்றும் சொல்லித் தொலைத்திருக்கிறேன். இப்போது மணி பதினொன்று, நான் கண் பரிசோதிக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் என் எதிரே ஒரு லாரி டிரைவர், அவர் மூக்கில் சோதனைக்கான கனமான இரும்புச் சட்டத்தை மாட்டி, இடது கண்ணைக் கறுப்புத் தகட்டால் மறைத்து, வலது கண்ணுக்கு வட்டக் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போடுகிறேன், இது தெளிவா, அதுவா, இதுவா, அதுவா... "தம்பி, நான் பாக்குறதுக்குள்ள எடுத்துடுறீங்களே, எது நல்லாருக்குன்னு எப்படிச் சொல்றது?" என்கிறார். என் கையைப் பார்த்தேன். சில்லை உருவுவது அதே கட்டைவிரல். அட, இங்கேயும் வந்துவிட்டதா, முன்பெல்லாம் ஒருவர் இருபது தடவை மறுபடி போடச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் போடுவேனே, வெட்கப்படாமல் கேளுங்கள், தப்பான கண்ணாடியோடு வீட்டுக்குப் போகாதீர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவனாயிற்றே, அப்புறம் வீட்டில் மட்டும் "என்ன சொன்னே, மறுபடி சொல்லு" என்று கேட்க வாயில் என்ன கொழுக்கட்டையா? அந்தத் தொடரில் டாக்டரம்மாவின் புருஷன் எதையும் மறுபடி கேட்பதில்லை, அவள் கண்ணைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்வான், படுபாவி, அவனுக்கு எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது. நாம் தவறவிட்டாலும் அடுத்த பகுதியின் தொடக்கத்தில் "இதுவரை" என்று நறுக்கென்று காட்டிவிடுவார்கள். என் வீட்டில் அதை யார் போடுவது? இத்தனை நாளாக அவள்தான் போட்டுக்கொண்டிருந்தாளோ, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள் என்று நான் சலித்துக்கொண்டது அதைத்தானோ... பயமாக இருந்தது. அவள் கேட்டது எதுவாக இருந்தாலும், நான் அதற்குச் சரி சொல்லிவிட்டேன், சாயந்திரம் அது நடந்துவிடும்.

"ஒரு நிமிஷம் அப்படியே இருங்கண்ணே" என்று டிரைவரை ஒற்றைக் கண்ணோடு உட்கார வைத்துவிட்டு அவளைப் போனில் கூப்பிட்டேன், மூன்றாவது மணியில் எடுத்தாள். "காலைல நீ சொன்னது எதுவும் என் காதுல ஏறல. முதல்லேர்ந்து சொல்றியா?" என்றேன். "எதுலேர்ந்து கேக்கல?" "ரொட்டிலேர்ந்து." மூக்கால் ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா, எரிச்சலா, தெரியவில்லை. "வேற ஊர்ல புது லேப் திறக்குறாங்க. ரெண்டு வருஷம் நான் பொறுப்பா இருக்கணுமாம். போகட்டுமான்னு கேட்டேன்." இரண்டு வருஷம்... இரண்டு வருஷத்தை ஒரு "ம்"மில் அனுப்பி வைத்திருக்கிறேன். "எழுதிக் குடுத்துட்டியா?" "இல்ல. நிஜமாவே காதுல வாங்கியிருந்தா ஏன்னு ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பீங்க. அதான் இன்னும் குடுக்காம வச்சிருக்கேன்." போகாதே என்பது நாக்கு நுனிவரை வந்தது, ரயிலடியில் அந்தப் புருஷன் அதைத்தான் சொல்வான், பின்னால் வயலினும் வாசிப்பார்கள், ஆனால் எனக்கு இவளைப் பற்றி ஒரு விஷயம் தெரியவே தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது, அதைக் கேட்டேன். "உனக்குப் போகணும்னு இருக்கா?"

அவள் பேசவில்லை. கட்டைவிரல் மேசையை நோக்கி எழுந்தது, அதை மற்ற விரல்களுக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் இன்னும் பேசவில்லை, வைக்கவும் இல்லை, மூச்சு கேட்கிறது, தூரத்தில் ஏதோ இயந்திரம் சுற்றுகிறது, டிரைவர் சுவரில் இருக்கும் எழுத்துகளை ஒற்றைக் கண்ணால் மேலிருந்து கீழாக மெல்லப் படித்துக்கொண்டிருக்கிறார். பத்து விநாடி ஆகியிருக்குமா, இவ்வளவு நீளமா அது... எப்போதுமே இவள் முக்கியமானதைச் சொல்லும் முன் இப்படித்தான் நிறுத்துவாளோ, பதினோரு வருஷமாக நான் தள்ளிவிட்டது இதைத்தானோ.

"இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன். நீ மெதுவா சொல்லு."