ஒன்பதாம் மாடியில் சாத்திய கதவுகள்

1

இந்தக் கதையின் ஆரம்பம் என் சொந்தச் சரக்கில்லை. அடுத்த வீட்டு ரொஸ்னா அக்கா லிஃப்ட்டுக்குக் காத்திருந்தபோது கொடுத்தது. "என் மகளப் பத்தி எழுதறியாமே தம்பி? ஆம்புலன்ஸ் சத்தத்துல ஆரம்பிச்சே, தொலைச்சிடுவேன்!"

ஆரம்பித்திருந்தேன். [ஈப்போ நகரின் மதிய வெயிலைக் கிழித்துக்கொண்டு ஆம்புலன்ஸ்...] அடித்துவிட்டேன்.

2

மகள் ஸுரயா. பதினேழு வயது, ஆட்டிசம். சத்தம் தாங்காமல் போனால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள். அலறல் கேட்டதும் மாடியே திரண்டுவிடும். எங்கள் பக்கம் கூப்பிடாமல் வருவதுதான் மரியாதை. ஒருவர் தைலம் தேய்ப்பார், ஒருவர் ஓதி ஊதுவார், மற்றவர்கள் ஆளுக்கொரு யோசனையைக் கத்துவார்கள். அன்பு கூடக்கூட அவள் தலையை மோதுவதும் கூடும். கடைசியில் அவசரப் பிரிவு. போன தடவை அங்கே கையைக் கட்டிலோடு கட்டினார்கள். திரும்பி வந்தவள் வெகுநாள் அம்மாவைக்கூடத் தொடவிடவில்லை. இன்னொரு தடவை அங்கே போகக்கூடாது என்பதுதான் அக்காவின் ஒரே வேண்டுதல்.

3

இங்கே லீனா வரவேண்டும். கீழ்த்தளத்துச் சமூக உதவி மையத்தில் வேலை.* மாடிக்காரர்களை உட்காரவைத்துச் சொன்னாள்: "உதவி பண்ணணுமா? உள்ள போங்க. கதவச் சாத்துங்க. டிவிய அமத்துங்க."

தைலம் தேய்க்கிற ஹாஷிம் மாமா பொங்கிவிட்டார். "புள்ள கத்தும்போது கதவச் சாத்தறதா? நாங்க மனுசங்க இல்லையா?"

"அந்தத் தைலத்தையும் உள்ளயே வச்சுக்குங்க மாமா."

(* முதலில் இவளைத் தேவதையாக எழுதினேன். சகிக்கவில்லை. நிஜத்தில் எல்லோரையும் அதட்டுவாள்.)

4

சனிக்கிழமை கீழே கல்யாணம். மேளத்துக்கு முன்பே மகளை வெளியே கூட்டிப்போக அக்கா நினைத்திருந்தாள். உலக அதிசயமாக மாப்பிள்ளை சீக்கிரம் வந்துவிட்டார். மாப்பிள்ளையை வரவேற்கும் கொம்பாங் மேளம் முழங்கியது. அலறல் கிளம்பியது.

முடிவு அ: மேளக்காரர்கள் மனமிரங்கி நிறுத்துகிறார்கள். [சினிமா.]

முடிவு ஆ: ஆம்புலன்ஸ்... [வேண்டாம், அக்கா படிப்பாள்.]

நடந்தது இது. பழக்கதோஷத்தில் எல்லோரும் நடைபாதைக்கு ஓடிவந்தோம். வந்து, நின்றோம். ஒரு கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. பிறகு இன்னொன்று. ஹாஷிம் மாமா தைலப் புட்டியோடு தவித்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்தபடி உள்ளே போய்ச் சாத்தினார். இவ்வளவு பாசத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

5

நானும் சாத்திவிட்டேன். ஆகவே உள்ளே நடந்ததை எழுத வழியில்லை. சுவர் வழியாக மோதும் சத்தம் மட்டும் வருகிறது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று. அடுத்ததற்கு இடைவெளி நீள்கிறது...

மாடியில் இன்னும் திறந்திருப்பது உங்கள் கதவு மட்டும்தான். கதையின் முதல் வரியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். நல்ல மனசுதான், தெரியும்.

சத்தமில்லாமல் சாத்துங்கள்.