நூல் பொறுக்கும் கை

நினைவுக் கூட்டம் நடக்கவிருந்த கூடத்தில் நாற்காலிகள் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டன. முன்வரிசையில் அமர்ந்திருந்த தையற்காரரோ, சுவரில் மாலையோடு மாட்டியிருந்த, மறைந்த தம் மனைவியின் படத்தைப் பாராமல் வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அது திறக்கும் போதெல்லாம் யார் வருகிறார் என்று எட்டிப் பார்த்தார்.

வந்துவிடக் கூடாதே என்று அவர் வேண்டிக்கொண்டது ஒரே ஓர் ஆளைக் குறித்துத்தான். மனைவியோடு சுற்றுலாப் பேருந்துகளில் பல்லாண்டு பணிபுரிந்த ஓட்டுநர் அவர். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் வேறொருவரைத் தொடவும் விடமாட்டார் என்பதனால் 'உடும்பு' என்று பெயர் பெற்றவர்.

மனைவிக்கோ 'பம்பரம்' என்று பெயர். வைத்தவள் அவளுடைய தங்கை. பயணிகளை நாடு நாடாக அழைத்துச் சென்று, எண்ணிக்கை குறையாமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் தொழில். காலில் சக்கரம் கட்டிக்கொண்டே பிறந்தவள். வீடு திரும்பியதும் பெட்டியைத் திறக்கமாட்டாள். தையல் இயந்திரத்துக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கதை சொல்லத் தொடங்குவாள்.

அப்போது தையற்காரர் மிதியை மிதித்துக்கொண்டே அவள் கைகளைக் கவனிப்பார். உள்ளதை உள்ளபடி சொல்லும்போது அவள் கை மோவாயில் ஊன்றியிருக்கும். பேச்சு உண்மையை விட்டு விலகினாலோ, அந்தக் கை தானாகத் தரைக்கு இறங்கி, அங்கே சிதறிக் கிடக்கும் நூல்துண்டுகளைப் பொறுக்கி உருட்டத் தொடங்கிவிடும். திருமணமான புதிதில், ரயிலில் அவளே மறந்து வைத்துவிட்டு வந்த குடையைத் திருட்டுப் போனதாகச் சொன்ன அன்று அவர் அதைக் கண்டுகொண்டார். அவளிடம் வாய் திறக்கவில்லை. கடை பெருக்கும் வேலை மிச்சம் என்று விட்டுவிட்டார்.

ஆதலால்தான் இன்று இந்தக் கலக்கம். ஒருநாள் மாலை அவள் பேருந்துக் கதை ஒன்று சொன்னாள். மலைப்பாதையில் ஓட்டுநர் உடும்புக்குத் தலை சுற்றியதாம். இவளே ஸ்டீயரிங்கைப் பிடித்து, ஒரு வளைவைக் கடந்து, வண்டியை ஓரங்கட்டினாளாம். கதை முடிந்தபோது தரையில் ஒரு நூல்துண்டு மிச்சமில்லை. இரவல் காரைப் பின்னால் எடுக்கப்போய்ச் சொந்த வீட்டுக் கதவையே இடித்தவள் அவள். தையற்காரர் மனத்துக்குள் சிரித்துக்கொண்டார்.

ஆனால் மகள் நம்பினாள். அந்த ஒரு கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள், இன்று நெடுந்தொலைவுப் பேருந்தின் ஓட்டுநர்.

"அப்பா, பஸ் கதையைக் கண்டிப்பாச் சொல்லணும். எங்க டிப்போ ஆளுங்க எல்லாரும் வந்திருக்காங்க" என்று அவள் காதோடு சொன்னாள்.

"அதெதுக்கும்மா? கப்பல் கதையைச் சொல்றேனே."

"கப்பல்ல அம்மா வாந்தி எடுத்தாங்க, அவ்வளவுதான். அதை மைக்ல சொல்லப்போறீங்களா?"

"அத்தான், தண்ணி குடிங்க முதல்ல. மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள் மைத்துனி. "எங்க அக்கா இருந்திருந்தா இந்நேரம் மைக்கைப் பிடுங்கிட்டு உங்களை உக்கார வச்சிருப்பா."

உடும்பு இன்னும் வரவில்லை. வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டால் பிழைத்தோம் என்று தீர்மானித்து, தையற்காரர் எழுந்தார். ஒலிவாங்கியின் முன் நின்று, மூச்சு வாங்காமல் கதையில் மலை ஏறினார். ஓட்டுநருக்குத் தலை சுற்றிய இடத்துக்கு வந்தபோது கதவு திறந்தது. நனைந்த குடையும் கையுமாக உடும்பு உள்ளே வந்து, கடைசி வரிசையில் அமர்ந்தார்.

தையற்காரர் கதவிலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்த்தார். அவள் கண்களை அகல விரித்து, சொல்லுங்கள் என்று தலையசைத்தாள். வேறு வழியில்லை. பொய்யை எவ்வளவு சிறிதாக்க முடியுமோ அவ்வளவு சிறிதாக்கிச் சொன்னார்.

"ஒரு வளைவு... சின்ன வளைவுதான். அப்புறம் ஓரமா நிறுத்திட்டா."

"அது தப்பு, மாமா."

உடும்பு எழுந்து நின்றிருந்தார். கூடமே அவர் பக்கம் திரும்பிற்று. மகளின் முகத்தில் இருந்த சிரிப்பு, போவதா இருப்பதா என்று தெரியாமல் அப்படியே நின்றதைத் தையற்காரர் கண்டார்.

"ஒரு வளைவுன்னு யார் சொன்னது? உச்சியிலேருந்து அடிவாரம் வரைக்கும் அக்காதான் ஓட்டினாங்க. மழைன்னா மழை, எதிர்ல வர்ற வண்டி தெரியல. நான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் பின்சீட்டுல படுத்து, இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். 'டேய் உடும்பு, வாயை மூடு, எனக்கு இன்ஜின் சத்தம் கேக்கணும்'னு ஒரு அதட்டல்! நேரா ஆஸ்பத்திரி வாசல்லதான் நிறுத்தினாங்க."

"அக்காவுக்கு பஸ் ஓட்ட எங்க தெரியும்?" என்றாள் மைத்துனி.

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன், காலி மைதானத்துல. அக்கா கேட்டா மாட்டேன்னு சொல்ல யாரால முடியும்?" அவர் தையற்காரரின் பக்கம் திரும்பினார். "'வெளிய தெரிஞ்சா உன் வேலை போயிடும், முழுசாச் சொன்னா என் வீட்டுக்காரர் என்னை வாசல் தாண்ட விடமாட்டார், ஒரு வளைவுன்னு சொல்லிக்கறேன்'னு அக்கா சொன்னாங்க. எனக்குத்தான் இப்ப வேலையில்லையே, ஓய்வு வாங்கியாச்சு!"

கூடம் சிரித்தது, பிறகு கைதட்டியது. மகள் அழுதுகொண்டே சிரித்தாள். தையற்காரர் மட்டும் ஒலிவாங்கியின் தண்டைப் பிடித்தபடி நின்றார்.

அவருக்கு மற்றக் கதைகள் நினைவுக்கு வந்துகொண்டிருந்தன. முழங்கால் அளவுத் தண்ணீரில் ஆற்றைக் கடந்தோம் என்றாள். கை நூலைப் பொறுக்கிற்று. விடுதியில் கொஞ்சம் புகை வந்தது என்றாள், பொறுக்கிற்று. துறைமுகத்தில் சின்னத் தள்ளுமுள்ளு என்றபோது, உள்ளங்கை நிறைய நூலுருண்டை. அவற்றையெல்லாம் பெருக்கிச் சொல்கிறாள் என்று கொண்டு, அவர் பாதியாகக் குறைத்தல்லவா நம்பினார்! அந்தத் தண்ணீர் எதுவரை ஏறியதோ? நோயுற்றுத் தம் கண்ணெதிரே, படுக்கையில் அமைதியாகப் போய்ச் சேர்ந்தவளுக்காக, அவருடைய நெஞ்சு இப்போது பதறத் தொடங்கியது.

மறுநாள் அவர் கடையைத் திறந்தார். மகள் சீருடையோடு வந்து, பணிக்குப் புறப்படுமுன் இயந்திரத்துக்கு எதிரே தரையில் அமர்ந்து, காலணியின் கயிற்றைக் கட்டினாள்.

"இன்னைக்கு எந்த ரூட்டும்மா?" மிதியை மிதித்தவாறே கேட்டார்.

"வழக்கமான ரூட்தான்பா. மலைப்பக்கம் கொஞ்சம் மழைன்னாங்க. பெருசா ஒண்ணுமில்ல."

கயிற்றைக் கட்டி முடித்த கை தரையில் தங்கிற்று. ஒரு சிவப்பு நூலை எடுத்தது. பிறகு ஒரு வெள்ளை நூல். இரண்டையும் சேர்த்து விரல்களுக்கிடையே உருட்டிற்று.

தையற்காரரின் கால் நின்றது.

"உக்காரு" என்றார். "முழுசாச் சொல்லு."